விபூதிப் புதன், திருநீற்றுப் புதன், சாம்பல் புதன்: ஒரு நாளுக்கு மூன்று பெயர்கள் வந்தது எவ்வாறு?

கேள்வி: உவர்மலை ஆசிரியை

திருகோணமலையில் எல்லாச் சமயத்து மாணவரும் படிக்கும் ஒரு பாடசாலையில் நான் கற்பிக்கிறேன். வரவிருக்கும் சமய நாட்களைப் பற்றி அறிவித்தல் பலகையில் சில வரிகள் எழுதி வைப்பது என் பொறுப்பு. கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் நாளைப் பற்றி எழுத முற்பட்டபோது அந்த நாளின் பெயரிலேயே தடங்கல் வந்துவிட்டது. கத்தோலிக்க ஆசிரியை ஒருவர் அதை விபூதிப் புதன் என்றார். அவரைவிட இளையவரான மற்றொரு கத்தோலிக்கர், இப்போது கோயிலில் திருநீற்றுப் புதன் என்றே சொல்கிறார்கள் என்றார். மெதடிஸ்த திருச்சபையைச் சேர்ந்தவரோ சாம்பல் புதன் என்பதைத் தவிர வேறு பெயரைத் தம் வீட்டில் கேட்டதில்லை என்றார்.

நான் சைவக் குடும்பத்தைச் சேர்ந்தவள். எங்கள் ஆசிரியர் அறையில் இருந்த பெரியவர் ஒருவர், "விபூதி எங்களுடையது, அதைத்தான் அவர்களும் எடுத்துக்கொண்டார்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அதைப் பகையோடு சொல்லவில்லை. ஆனாலும் சரியா பிழையா என்று தெரியாமல் அதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. ஆகவே அறிந்தவர்களிடம் கேட்கிறேன். நெற்றியில் சாம்பல் இடும் அந்தச் சடங்கு சைவத்திலிருந்து கத்தோலிக்கருக்குச் சென்றதா? இல்லையென்றால் சைவச் சொல் ஒன்று அந்த நாளின் பெயரில் எப்படி அமர்ந்தது? ஏன் புதன்கிழமை? சில ஆண்டுகளில் மகா சிவராத்திரிக்கு மறுநாளே இந்தப் புதன் வருகிறதே, அதற்கும் பெயருக்கும் தொடர்பு உண்டா?

மறுமொழி: பாலையூற்று மறையாசிரியர்

வணக்கம் சகோதரி. சடங்கின் பிறப்பு வேறு, அதன் தமிழ்ப் பெயரின் பிறப்பு வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பார்ப்பதால்தான் அந்தப் பெரியவரைப் போலப் பலரும் அப்படி எண்ணுகிறார்கள். சடங்கைப் பற்றி நான் சொல்கிறேன். பெயரைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

சாம்பல் யூத மரபிலிருந்து வந்தது. பழைய ஏற்பாட்டில் துக்கத்துக்கும் மனவருத்தத்துக்கும் அடையாளமாக மக்கள் சாக்குடை உடுத்திச் சாம்பலில் அமர்வதைப் பல இடங்களில் காணலாம். யோபு தூளிலும் சாம்பலிலும் இருந்து வருந்துகிறார். யோனாவின் எச்சரிக்கையைக் கேட்ட நினிவே அரசன் சிம்மாசனத்தை விட்டிறங்கிச் சாம்பலில் உட்காருகிறான். தானியேல் நோன்பிருந்து, சாக்குடை உடுத்தி, சாம்பலோடு இறைவனை மன்றாடுகிறார். எபிரேய மொழியில் புழுதிக்கு "அஃபார்" என்றும் சாம்பலுக்கு "ஏஃபெர்" என்றும் பெயர். ஓசையால் நெருங்கிய இந்த இரண்டு சொற்களும் சில இடங்களில் இணைந்தே வருகின்றன. தன்னைத் தூளும் சாம்பலுமானவன் என்று ஆபிரகாம் சொல்லிக்கொள்ளும் தொடர் அவற்றில் ஒன்று. குருவானவர் சாம்பல் இடும்போது சொல்லும் வாக்கியத்தில் சாம்பல் என்ற சொல்லே வராது என்பதையும் கவனியுங்கள். ஆதியாகமம் 3ஆம் அதிகாரத்தில் ஆதாமுக்குச் சொல்லப்பட்டபடி, மனிதன் மண்ணாக இருக்கிறான், மண்ணுக்கே திரும்புவான் என்பதுதான் அந்த வாக்கியம். உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின்னர், மனந்திரும்பி நற்செய்தியை நம்பும்படி அழைக்கும் இன்னொரு வாக்கியமும் சேர்க்கப்பட்டது. குருவானவர் இரண்டில் ஒன்றைச் சொல்லலாம்.

தொடக்க நூற்றாண்டுகளில் எல்லோரும் சாம்பல் பூசிக்கொள்ளவில்லை. பெரும் பாவம் செய்து, அதை ஒப்புக்கொண்டு, ஊரறியத் தவம் செய்ய முன்வந்தவர்கள் மட்டுமே தவக்காலத் தொடக்கத்தில் சாக்குடையும் சாம்பலும் ஏற்றார்கள். அவர்கள் பெரிய வியாழன் வரையில் திருவிருந்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்கள். காலப்போக்கில் அந்தக் கடுமையான முறை மறைந்தது. தாமும் பாவிகள்தாம் என்ற எண்ணத்தில் மற்றவர்களும் அதே சாம்பலுக்குத் தலை குனியத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 1000ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் எழுதப்பட்ட மறையுரைகளில் எல்லோருடைய தலையிலும் சாம்பல் தூவும் வழக்கம் பேசப்படுகிறது. 1091 இல் பாப்பரசர் இரண்டாம் உர்பான் காலத்தில் பெனவென்தோவில் கூடிய சங்கம் குருக்கள், பொதுநிலையினர், ஆண், பெண் என்ற வேறுபாடின்றி எல்லோரும் சாம்பல் பெறவேண்டும் என்று வகுத்தது. இலத்தீனில் இந்நாளின் பெயர் "தியேஸ் சினேரும்", அதாவது சாம்பலின் நாள். அதற்கும் முன்னர் வழங்கிய பெயர் "காபுத் யெயூனியி", நோன்பின் தலை என்று பொருள். நாள் முதலில் நோன்பின் பெயரைக் கொண்டிருந்தது, சாம்பல் எல்லோருக்கும் உரியதான பிறகே சாம்பலின் பெயரை எடுத்துக்கொண்டது.

புதன் ஏன் என்று கேட்டீர்கள். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய ஆறு வாரங்கள்தான் உரோமையில் தவக்காலமாக இருந்தன. ஞாயிறு உயிர்ப்பின் நாள் ஆகையால் அன்று நோன்பு கிடையாது. ஆறு ஞாயிறுகளையும் கழித்தால் எஞ்சுவது 36 நாட்கள். 590 முதல் 604 வரை பாப்பரசராக இருந்த முதலாம் கிரகோரியார் இந்த 36 நாட்களையும் ஆண்டில் பத்தில் ஒரு பங்கை இறைவனுக்குச் செலுத்துவதாக விளக்கி நிறைவு கண்டார். ஆயினும் இயேசு பாலைநிலத்தில் நோன்பிருந்தது 40 நாட்கள் அல்லவா? குறைந்த நான்கு நாட்களையும் முதல் ஞாயிறுக்கு முன்னே சேர்த்தார்கள்: சனி, வெள்ளி, வியாழன், புதன். அவ்வளவுதான். புதனுக்கென்று தனிப் புனிதம் எதுவும் அதில் இல்லை. இந்தத் திருத்தத்தை ஏற்காத மிலான் நகரத்து அம்புரோசிய வழிபாட்டு முறையில் இன்றும் தவக்காலம் ஞாயிறன்றே தொடங்குகிறது. கீழைத் திருச்சபைகளில் அது திங்களன்று தொடங்குகிறது. ஆகவே அவர்களின் நாட்காட்டியில் இந்தப் புதனுக்குப் பெயரே இல்லை.

இனி அந்தச் சாம்பல் எதிலிருந்து வருகிறது என்பது. முந்திய ஆண்டின் குருத்து ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த ஓலைகளை நாங்கள் வீட்டில் திருச்சிலுவைக்குப் பின்னால் செருகி வைத்திருப்போம். தவக்காலம் நெருங்கும்போது அவற்றைக் கோயிலில் சேர்ப்பார்கள். காய்ந்த அந்தக் குருத்தோலைகளை எரித்து எடுப்பதுதான் இந்தச் சாம்பல். நிறமும் கருமை கலந்த சாம்பல் நிறமாகவே இருக்கும்.

மறுமொழி: பஞ்சாங்கம் பார்ப்பவன்

சிவராத்திரிக் கேள்விக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயருக்கும் சிவராத்திரிக்கும் தொடர்பில்லை. ஆனால் இரண்டு நாட்களும் நெருங்கி வருவது வெறும் தற்செயலும் அல்ல. உயிர்த்த ஞாயிறு, மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னரோ வரும் முதல் பூரணையை அடுத்த ஞாயிறு. அதிலிருந்து 46 நாட்கள் பின்னோக்கி எண்ணினால் இந்தப் புதன் வரும். அந்தப் பூரணையிலிருந்து ஒன்றரைச் சந்திர மாதம், அதாவது ஏறத்தாழ 44 நாட்கள் பின்னோக்கிப் போனால் ஓர் அமாவாசையில் நிற்போம். இதனால் எந்த ஆண்டிலும் இந்தப் புதன் அமாவாசையை ஒட்டியோ அதற்குச் சில நாட்கள் பிந்தியோதான் விழும். சிவராத்திரி மாசித் தேய்பிறைச் சதுர்த்தசி, அமாவாசைக்கு முந்திய நாள். இரண்டுக்கும் அமாவாசை ஒன்றாகவே அமையும் ஆண்டுகளில் அவை அடுத்தடுத்து வந்துவிடும். 2018 இல் பெப்ரவரி 13 சிவராத்திரி, 14 சாம்பல் புதன். 2022 இல் மார்ச் 1 சிவராத்திரி, 2 சாம்பல் புதன். கோணேசர் கோயிலில் இரவு முழுதும் விழித்திருந்து நீறணிந்து வந்தவர்களும், காலைப் பூசையில் சாம்பல் சிலுவை பெற்றவர்களும் ஒரே பேருந்தில் வேலைக்குப் போன புதன்கிழமைகள் அவை. அமாவாசை வேறுபடும் ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு மாதம் வரை இடைவெளி விழும். 2021 இல் சாம்பல் புதன் பெப்ரவரி 17 அன்றே வந்துபோனது, சிவராத்திரி மார்ச் 11 அன்று வந்தது.

மறுமொழி: கன்னியா வீதிச் சைவன்

மறையாசிரியர் ஐயா சொன்னவற்றை வாசித்த பின்னர், சைவர் ஒருவர் தம் பக்கத்தைச் சொல்வது பொருத்தமாக இருக்கும் என்று எண்ணுகிறேன். எங்கள் விபூதிக்கும் அவர்களுடைய சாம்பலுக்கும் பொருளால் வேறுபாடு பெரிது. விபூதி பசுவின் சாணத்தைச் சுட்டு எடுப்பது, வெண்ணிறமாக இருப்பதே தரிக்கத் தக்கது. அதை நாள்தோறும் அணிகிறோம், நெற்றி நிறையப் பூசும் உத்தூளனமாகவோ மூன்று குறிகளாக இடும் திரிபுண்டரமாகவோ. கிறிஸ்தவர்களுடையது ஓலைச் சாம்பல், ஆண்டுக்கு ஒரு நாள், சிலுவைக் குறி, இடுபவர் குருவானவர். ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் செய்ததாகச் சொல்ல இதில் இடமே இல்லை. அந்தப் பெரியவரிடம் இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

பெயரைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். சைவ நூல்கள் நீற்றுக்கு ஐந்து பெயர்கள் தருகின்றன: விபூதி, பசிதம், பஸ்மம், க்ஷாரம், ரக்ஷை. ஐசுவரியம் தருவதால் விபூதி, ஒளியைத் தருவதால் பசிதம், பாவத்தை எரிப்பதால் பஸ்மம், மலத்தைக் கழுவுவதால் க்ஷாரம், காப்பதால் ரக்ஷை என்று விளக்கம் சொல்வார்கள். இந்த ஐந்தில் மனந்திரும்பும் நாளுக்கு மிக நெருங்கியது பஸ்மம், மிகத் தொலைவில் நிற்பது விபூதி. மண்ணுக்குத் திரும்புவாய் என்று நினைவூட்டும் நாளுக்குப் பெருஞ்செல்வத்தைக் குறிக்கும் சொல் போய்ச் சேர்ந்திருப்பது, சொல்லின் மூலத்தை மட்டும் பார்த்தால் சற்று வேடிக்கைதான். ஆனால் மக்கள் வழக்கில் விபூதி என்றால் நெற்றியில் இடும் புனிதச் சாம்பல், அதற்கு மேல் யாரும் வடமொழி வேரைத் தோண்டிப் பார்ப்பதில்லை.

என் மனத்துக்கு மூன்றிலும் உகந்தது திருநீற்றுப் புதன்தான். நீறு நல்ல தமிழ்ச் சொல். எரிந்து பொடியாவது நீறுதல், சுண்ணாம்பை நீற்றுகிறோம், நீறுபூத்த நெருப்பு என்கிறோம். எது எரிந்து எஞ்சினாலும் அது நீறுதான், சாணமாக இருந்தாலும் சரி, ஓலையாக இருந்தாலும் சரி. எங்கள் கோணமாமலையைப் பாடிய சம்பந்தப் பெருமான்தான் திருவாலவாய் எனப்படும் மதுரையில் பாண்டியனின் வெப்பு நோய் தீர நீற்றின் பெருமையைப் பதிகமாகப் பாடியவர். அவரே இறைவனைச் சுடலைப் பொடி பூசியவன் என்றும் பாடினார். ஆகவே நிலையாமை என்ற பொருள் நீற்றுக்குள் எங்கள் பக்கத்திலும் இருக்கிறது, கிறிஸ்தவர்கள் அதைப் புதிதாகச் சேர்க்க வேண்டியதில்லை. கன்னியாவில் இறந்தோருக்கான அந்தியேட்டிச் சடங்குக்கு வந்து நீராடிப் போகிறவர்களுக்கு அதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதும் இல்லை.

மறுமொழி: உட்துறைமுக வீதி மெதடிஸ்தர்

கன்னியா வீதி அண்ணனுடைய விளக்கம் அழகானது. ஆனாலும் எங்கள் பக்கத்தின் பெயருக்காக நான் வாதாட வேண்டியிருக்கிறது. தமிழ் வேதாகமத்தில் யோபுவும் தானியேலும் அமர்ந்தது சாம்பலில்தான், நீற்றில் அல்ல. அங்கே அது அணியும் பொருளாக இல்லை. ஊர்க் குப்பையோடு கொட்டிக் கிடக்கும் அடுப்புச் சாம்பல். அதில் போய் அமர்வதுதான் தாழ்மை. அதற்கு முன்னால் திரு என்று அடைகொடுத்தால் அந்தத் தாழ்மையின் கூர்மை குறைந்துவிடுகிறது என்பது என் எண்ணம். எங்கள் ஊரில் சாம்பல்தீவு என்றே ஒரு கிராமம் இருக்கிறது, அதைத் திருநீற்றுத்தீவு என்று மாற்ற யாரும் கேட்கவில்லை என்பதையும் சிரிப்போடு சொல்லி வைக்கிறேன்.

புரட்டஸ்தாந்து திருச்சபைகளில் இந்தப் பெயருக்கு ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. இங்கிலாந்தில் 1548 இல், ஆறாம் எட்வர்டு அரசன் காலத்தில், சாம்பல் இடுவதையும் குருத்தோலை கொடுப்பதையும் நிறுத்தும்படி கட்டளை பிறந்தது. மறு ஆண்டு, 1549 இல், வெளிவந்த ஆங்கிலிக்க மன்றாட்டுப் புத்தகமோ அந்த நாளை லெந்தின், அதாவது தவக்காலத்தின், முதல் நாள், வழக்கில் சாம்பல் புதன் எனப்படுவது என்றே குறித்தது. சாம்பல் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. ஏனென்றால் பெயர் மக்கள் வாயில் இருந்தது, அதைக் கட்டளை போட்டு நிறுத்த முடியவில்லை. சாம்பலுக்குப் பதிலாக, பாவத்தைக் கண்டிக்கும் இறைவாக்குகளை வாசித்து மனந்திரும்ப அழைக்கும் ஓர் ஆராதனையை வைத்தார்கள். 1814 இல் இலங்கைக்கு வந்த மெதடிஸ்த ஊழியர்கள் அந்த ஆங்கிலப் பின்னணியிலிருந்து வந்தவர்கள். ஆகவே என் பாட்டியின் தலைமுறைக்குச் சாம்பல் புதன் என்பது நெற்றியில் எதுவும் இடப்படாத நாள். பிற்காலத்தில் உலகின் பல ஆங்கிலிக்க, மெதடிஸ்த சபைகள் சாம்பல் இடும் வழக்கத்தை மீண்டும் எடுத்துக்கொண்டன.

லெந்து என்ற சொல்லையும் பார்த்துவிடலாம். பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச் சொல்லுக்கு வசந்தம் என்று பொருள், பகற்பொழுது நீளும் காலம். நோன்புக்கும் அந்தச் சொல்லுக்கும் பிறப்பில் எந்த உறவும் இல்லை. கத்தோலிக்கர் சொல்லும் தபசு காலம், தவக்காலம் என்பவை அந்த வகையில் எங்கள் லெந்தைவிடத் தெளிவானவை. அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

மறுமொழி: உவர்மலை ஆசிரியை

இவ்வளவு விளக்கமாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஒன்று, சைவச் சொல்லை எடுத்து ஆளும் துணிவு கத்தோலிக்கருக்கு எங்கிருந்து வந்தது என்பது. மற்றது மாணவி ஒருத்தி கேட்டது. நோன்பிருக்கும்போது பிறருக்குத் தெரியும்படி முகத்தை வாடவைத்துக்கொள்ளாதே, முகத்தைக் கழுவு என்று இயேசு சொன்னதாகத் தான் படித்ததாகவும், அப்படியிருக்க நெற்றியில் சாம்பலோடு பாடசாலைக்கு வருவது எப்படிச் சரியாகும் என்றும் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

மறுமொழி: கோட்டையடி வாசகன்

முதற் கேள்விக்கு என்னால் இயன்றதைச் சொல்கிறேன். தமிழில் அச்சேறிய தொடக்கக் காலக் கிறிஸ்தவ நூலின் பெயரே "தம்பிரான் வணக்கம்". போர்த்துக்கேய இயேசு சபைக் குருவான என்றீக்கே என்றீக்கசு 1578 இல் கொல்லத்தில் அச்சிட்டது. தம்பிரான் என்பது சைவ மடங்களில் வழங்கும் சொல். கடவுளைக் குறிக்கவே அப்படி ஒரு சொல்லைத் தயங்காமல் எடுத்தவர்களின் வழியில் வந்த கத்தோலிக்கத் தமிழ், பூசை, கோயில், சுவாமி, தபசு, ஒருசந்தி, சுத்தபோசனம் என்று ஊர் பேசிய சமயச் சொற்களையெல்லாம் ஏற்றுக்கொண்டது. விபூதி அந்த வரிசையில் ஒன்று. புரட்டஸ்தாந்து ஊழியர்கள் வேதாகம மொழிபெயர்ப்பை மையமாக வைத்து வேலை செய்ததால், மூலத்தில் உள்ள சொல்லுக்கு நேரான சாம்பலைப் பிடித்துக்கொண்டார்கள்.

இதில் ஒரு முரண் இருக்கிறது, அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். 1606 இல் மதுரைக்கு வந்த றொபேட் தெ நோபிலி, கிறிஸ்தவராகும் தமிழர் தங்கள் குடுமியையும் பூணூலையும் சந்தனத்தையும் விட வேண்டியதில்லை என்று வாதாடினார். 1623 இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் சில நிபந்தனைகளோடு அதற்கு இடங்கொடுத்தார். பின்னர் காற்று மாறியது. 1703 இல் பாண்டிச்சேரிக்கு வந்த பாப்பரசரின் தூதர் தூர்னோன், 1704 இல் தமிழ்க் கிறிஸ்தவர்களின் பல வழக்கங்களைத் தடைசெய்து கட்டளையிட்டார். இந்துக்களைப் போலச் சாம்பல் அணிவதும் அந்தத் தடைகளில் ஒன்று. 1744 இல் பாப்பரசர் பதினான்காம் பெனெடிக்ற் அந்தத் தடைகளை உறுதிப்படுத்தினார். அதாவது ஆண்டில் 364 நாட்களுக்கு நெற்றி நீறு தடை, ஒரு நாளுக்கு அதுவே சடங்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்ற தமிழ்க் கத்தோலிக்கர், கோயிலில் இடும் சாம்பலை விபூதி என்றே அழைத்தார்கள். பொருளைத் தடுக்க முடிந்த அதிகாரத்துக்கு வழக்குச் சொல்லைத் தடுக்க முடியவில்லை. மெதடிஸ்த அன்பர் சொன்ன 1549ஆம் ஆண்டுக் கதையும் இதைத்தான் காட்டுகிறது.

விபூதி திருநீறாக மாறியது பிற்காலத்து நிகழ்ச்சி. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின்னர் வழிபாடு இலத்தீனை விட்டுத் தமிழுக்கு வந்தபோது, வடமொழிச் சாயலைக் குறைக்கும் விருப்பமும் சேர்ந்துகொண்டது. பூசை திருப்பலியாகவும், ஞானஸ்நானம் திருமுழுக்காகவும், தபசு காலம் தவக்காலமாகவும் மாறிய அலையில்தான் விபூதிப் புதனும் திருநீற்றுப் புதனானது. எங்கள் வீடுகளில் பெரியவர்கள் இன்றும் பூசைக்குப் போகிறேன் என்றுதான் சொல்கிறார்கள், திருப்பலிக்குப் போகிறேன் என்பது ஒலிபெருக்கி அறிவித்தலில் கேட்கும் மொழி.

புதனையும் விட்டுவிடக் கூடாது. 1620களில் எங்கள் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கற்களால் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் இந்த நாளை "குவார்த்தா ஃபெய்ரா தெ சின்சாஸ்" என்றார்கள், சாம்பலின் நான்காம் நாள் என்று பொருள். கிரகத் தெய்வங்களின் பெயர்களைக் கிறிஸ்தவர் கிழமைகளுக்கு வைக்கலாகாது என்று 6ஆம் நூற்றாண்டில் பிராகா நகரின் ஆயர் மார்த்தீன் கண்டித்த மரபில், அவர்கள் கிழமைகளை எண்ணாலேயே சொல்கிறார்கள். 1895 இல் திருகோணமலை மறைமாவட்டத்துக்கு வந்த பிரெஞ்சு இயேசு சபையினரின் மொழியிலோ புதன்கிழமை "மெர்க்ரெதி", மெர்க்குரி தெய்வத்தின் நாள். மெர்க்குரி கிரகமும் நம் புதன் கிரகமும் ஒன்றே. ஆகவே விபூதிப் புதன் என்ற தொடரில் முன்சொல் சைவர் வழங்கியது, பின்சொல் கிரகத்துக்கு உரியது. நாள் மட்டுமே கிறிஸ்தவர்களுடையது. இதில் வெட்கப்படவோ பெருமைப்படவோ எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மறுமொழி: பாலையூற்று மறையாசிரியர்

மாணவியின் கேள்வி கூர்மையானது. அவள் குறிப்பிட்ட பகுதி மத்தேயு 6ஆம் அதிகாரம். அதைத்தான் சாம்பல் பெறும் அதே பூசையில் நற்செய்தியாக வாசிக்கிறோம், ஆகவே இந்த முரண் எங்களுக்குத் தெரியாதது அல்ல. இயேசு கண்டித்தது நோன்பைக் காட்சிப்பொருளாக்கிப் புகழ் தேடுவதை. சாம்பல் சிலுவை நான் நோன்பாளி என்று சொல்லவில்லை, நான் இறக்கப் போகிறவன், தவறியவன் என்று சொல்கிறது. அதில் பெருமைப்பட எதுவும் இல்லை. ஆயினும் அதைப் பெருமைக்கு அணிபவர் இருக்கலாம், அவர்களுக்கு அந்த வாசகம் நேராகவே பொருந்தும். பூசை முடிந்ததும் சாம்பலைத் துடைத்துக்கொள்வதில் எந்தத் தடையும் இல்லை. நாள் முழுதும் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டமும் இல்லை. இத்தாலியில் நெற்றியில் குறியிடாமல் உச்சந்தலையில் தூவுவதே வழக்கம், அங்கே வெளியில் வந்தால் யாருக்கும் தெரியாது. 2021 இல் கொரோனாத் தொற்றின்போது, குருவானவர் வாக்கியத்தை எல்லோருக்குமாக ஒரே தடவை சொல்லிவிட்டு ஒவ்வொருவர் தலையிலும் பேசாமல் தூவும்படி வத்திக்கான் வழிகாட்டியது. குறி கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பது கட்டாயம் அல்ல என்று அந்த மாணவிக்குச் சொல்லுங்கள்.

அன்றைய கடமை நெற்றியோடு முடிவதில்லை என்பதையும் பலகையில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். இந்தப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தியும் சுத்தபோசனமும் கடைப்பிடிக்க வேண்டிய நாட்கள். ஒருசந்தி என்றால் ஒரு நேரம் மட்டுமே முழு உணவு, சுத்தபோசனம் என்றால் இறைச்சி தவிர்த்தல். பதினான்கு வயது நிறைந்தவர்களுக்குச் சுத்தபோசனமும், பதினெட்டு நிறைந்தவர்கள் முதல் ஐம்பத்தொன்பது வயது நிறையாதவர்கள் வரை ஒருசந்தியும் கடமை. சாம்பலைப் பெறுவதோ கட்டளையால் விதிக்கப்பட்ட கடமை அல்ல. ஆனாலும் கடமை ஞாயிறுக்கு வராதவர்கள்கூட அந்தப் புதனுக்கு வந்துவிடுகிறார்கள் என்பது எந்தக் கோயிலிலும் கேட்கும் முணுமுணுப்பு.

மறுமொழி: உவர்மலை ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. தலைப்பில் திருநீற்றுப் புதன் என்றும், அதன் கீழ் விபூதிப் புதன், சாம்பல் புதன் என்ற பெயர்களும் வழக்கில் உண்டு என்றும் எழுத முடிவுசெய்திருக்கிறேன். மெதடிஸ்த அன்பர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். சடங்கு யூத மரபிலிருந்து வந்தது, பெயர் தமிழ் வழக்கிலிருந்து வந்தது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவேன், அந்தப் பெரியவர் பலகையை நின்று வாசிப்பவர். பலகையில் சிங்களப் பெயரும் இருக்க வேண்டும் என்று அதிபர் சொல்கிறார். சிங்களத்தில் என்ன பெயர் வழங்குகிறது?

மறுமொழி: உட்துறைமுக வீதி மெதடிஸ்தர்

கோபம் எதுவும் இல்லை, மூன்றாவது பெயராகவாவது சாம்பல் இடம்பெற்றதே போதும். சிங்களத்தில் "அளு பதாதா" என்பார்கள். அளு என்றால் அடுப்பில் எஞ்சும் அதே சாம்பல்தான், அடைமொழி எதுவும் இல்லை, ஆகவே சிங்களக் கத்தோலிக்கர் என் கட்சி என்று கன்னியா வீதி அண்ணனுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். திகதியை மட்டும் ஆண்டுதோறும் பார்த்து மாற்றுங்கள். பெப்ரவரி 4 முதல் மார்ச் 10 வரை எந்தப் புதனிலும் அது விழலாம், 2027 இல் பெப்ரவரி 10 அன்று வருகிறது.